கல்யாணத்துக்கு யாரும் வர வேண்டாம்

நம் தோட்டத்துப் பழைய ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருவர் கோவில் படத்தைப் போட்டு, "நாமெல்லாம் அப்போது ஒரே குடும்பமாக இருந்தோம்" என்று எழுதியிருந்தார். உடனே கைகூப்பும் படங்கள் மழை மாதிரி கொட்டின. இந்த வருடத் திருவிழாவுக்கு எல்லாரும் ஊருக்கு வர வேண்டும், நம் ஒற்றுமையைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று பேச்சு ஓடியது. வருகிறேன். திருவிழாவுக்கு எப்போதும் வருகிறவள்தான். ஆனால் அந்த ஒரே குடும்பக் கதையை மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். உங்களுக்கும் எனக்கும் ஒரே வயது. நீங்கள் பார்த்ததைத்தான் நானும் பார்த்தேன். மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் நடுவில் இருந்த கால்வாயில் தண்ணீரைவிட வசவுதான் அதிகமாக ஓடியது.

விவரம் தெரியாத இளசுகளும் குழுவில் இருப்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். நம் தோட்டம் கோலசிலாங்கூரிலிருந்து செகிஞ்சான் போகிற சடக்கில், உள்ளே தள்ளி இருந்தது. இப்போது அங்கே செம்பனை. அப்போது கண்ணுக்கு எட்டிய தூரம் ரப்பர் மரம். மேட்டில் ஒரு லயம், அதாவது வரிசை வீடுகள், பள்ளத்தில் ஒரு லயம். வீடுகள் ஒரே மாதிரி, தகரக் கூரை ஒரே மாதிரி, பால் வெட்டுகிற மரமும் வாங்குகிற கூலியும் ஒரே மாதிரி. ஒருவரை ஒருவர் வெறுக்க வேறு காரணம் கிடைக்காததால் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார்கள்.

திருவிழாவுக்கு வாடகைக்கு வந்த குழாய் ஒலிபெருக்கி அது. கட்டியவர் தென்னை மரத்தில் ஏறி, அதன் வாய் கீழ் லயத்தைப் பார்க்கும்படி கட்டிவிட்டுப் போய்விட்டார். மேல் லயத்தில் பாட்டு சரியாகக் கேட்கவில்லை. "சாமி நமக்கு முதுக காட்டிருச்சி" என்று அங்கே ஒருத்தி சொன்னாள். அவ்வளவுதான். மேல் லயத்துப் பையன்கள் மரமேறி அதை மேட்டுப் பக்கம் திருப்பினார்கள். கீழ் லயத்துப் பையன்கள் ஏறிப் பள்ளத்துப் பக்கம் திருப்பினார்கள். இப்படி ஏறி இறங்கியதில் குழாய் கீழே விழுந்து நசுங்கியது. மிச்சத் திருவிழா பாட்டில்லாமலே முடிந்தது. யாருக்கும் அதில் வருத்தம் இல்லை. எதிர்ப்பக்கத்துக்கும் கேட்கவில்லை என்பதில் எல்லாருக்கும் நிம்மதி.

அன்றிலிருந்து மேல் லயத்துப் பெண்கள் கீழ் லயத்தில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். கீழ் லயத்துப் பெண்கள் மேல் லயத்து வாசலை மிதிக்க மாட்டார்கள். ஆண்கள் கள்ளுக்கடையில் ஒன்றாக உட்கார்ந்து குடிப்பார்கள். குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, அங்கே யார் என்ன சொன்னான் என்பதைக் கொஞ்சம் காரம் சேர்த்துச் சொல்லி, அடங்கப் போன சண்டையை ஊதிவிடுவார்கள்.

மேல் லயத்தின் வாய் என் அத்தை. அப்பாவின் அக்கா. அவருடைய வீட்டுக்காரர்தான் மண்டோர். காலையில் பெரட்டுக் களத்தில் எல்லாரையும் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மரம் என்று பிரித்துக் கொடுப்பவர். எனக்கு மாமா. கீழ் லயத்தின் வாய் ஆயாம்மா. தாய்மார்கள் மரம் வெட்டப் போனதும் கைக்குழந்தைகளைக் கொட்டகையில் வைத்துப் பார்த்துக்கொண்டவர். இரண்டு பேரும் நேரில் பேச மாட்டார்கள். மளிகைக் கடையில் நின்றுகொண்டு கடைக்காரச் சீனரை 'தவுக்கை' என்று கூப்பிட்டு அவரிடம் சொல்வது போலச் சொல்வார்கள்.

"அவ பார்வ பட்டா கொட்டாயில இருக்கிற பாலுகூட திரிஞ்சி போயிரும், தவுக்கை" என்பார் அத்தை.

"மண்டோர் பொண்டாட்டி நடந்து போனா மண்ணுகூட எந்திரிச்சி நின்னு சல்யூட் அடிக்கணும், தவுக்கை" என்பார் ஆயாம்மா.

அந்தச் சீனர் பாவம், இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டுக் கருவாட்டை நிறுப்பார். எனக்கு இந்தப் பேச்செல்லாம் மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் நான் இவ்வளவு கவனமாகப் படித்ததே இல்லை.

என் அம்மா இரண்டு பக்கமும் சேராதவர். பத்தாங் காலிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தவர். கல்யாணம் முடிந்ததும் தோட்ட மேலாளரான துரை ஒதுக்கிய வீடு கீழ் லயத்தில் அமைந்தது. அதனால் மேல் லயத்துக்கு அவர், அத்தையின் தம்பியைப் பள்ளத்துக்கு இழுத்துக்கொண்டு போனவர். கீழ் லயத்துக்கு அவர் மண்டோர் வீட்டு உறவு. இங்கே பேசியதை அங்கே கொண்டுபோய்க் கொடுப்பார் என்று அவரைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அங்கேயும் அதே சந்தேகம், அதே அமைதி.

அக்காவுக்குச் சுங்கை பெசாரில் மாப்பிள்ளை பேசி முடித்தது அந்த வருட மழைக்காலத்தில்தான். தை மாதம் கல்யாணம். வீட்டில் சிரிப்பு இருக்க வேண்டிய நேரம். அம்மா அடுப்புப் புகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

ஏன் என்று இப்போதுள்ளவர்களுக்குப் புரியாது. மண்டபத்தில் பணத்தைக் கட்டிவிட்டு மாலையும் கழுத்துமாகப் போய் நிற்கிறீர்கள். அப்போது தோட்டத்தில் கல்யாணச் சமையல் கூலிக்குச் செய்வது கிடையாது. வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பார்கள். அழைத்த வீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு அருவாமணையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்காருவார்கள். எத்தனை பேர் வந்து வெங்காயம் உரிக்கிறார்களோ அதுதான் அந்தக் குடும்பத்துக்கு ஊரில் உள்ள மதிப்பு. மாப்பிள்ளை வீட்டார் பந்தலைப் பார்க்க மாட்டார்கள். கை கழுவப் போகிற சாக்கில் சமையல் கொட்டகையை எட்டிப் பார்ப்பார்கள். ஒலிபெருக்கிச் சண்டைக்குப் பிறகு கீழ் லயத்தில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. மேல் லயம் வரவில்லை. மாப்பிள்ளையின் தாய் பாதி காலியாக இருந்த கொட்டகையைப் பார்த்துவிட்டு, "ஒங்களுக்கு மனுசாளே இல்லியா?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண் புகுந்த வீட்டில் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டேதான் பிள்ளை பெற்றாள், வளர்த்தாள். எங்கள் நிலைமை அதைவிட மோசம். எங்களுக்கு இரண்டு லயமும் வராது.

"மொதல்ல ஒரு நல்ல காரியத்துக்கு எல்லாரும் ஒண்ணா கூடிட்டா, அப்புறம் கல்யாணத்துக்கு வந்துருவாங்க" என்றார் அம்மா. "பொங்கல் வருதில்ல. பெரட்டுக் களத்துல ஒரே பானையில வச்சா என்னா?"

அப்பா அதிகம் பேசாதவர். வெட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார். "நீ பூனையையும் கருவாட்டையும் ஒரே மூட்டையில போட்டு முடியப் பாக்குற."

இருந்தாலும் அம்மா மழையில் நனைந்துகொண்டே மேட்டுக்குப் போய் மாமாவிடம் சொன்னார். மாமாவுக்கு யோசனை பிடித்துவிட்டது. பொதுப் பொங்கல் என்றால் துரையைக் கூப்பிடலாம். துரை வந்தால் மண்டோர் பக்கத்தில் நிற்கலாம். மறுநாளே பெரட்டில் அறிவித்தார். கோவில் அண்டாவில் பொங்கல். வீட்டுக்கு ஒரு பால் டின் அரிசி கொண்டுவந்து சாக்கில் கொட்ட வேண்டும்.

அம்மா கூட்டத்தில் நின்றபடியே, "பச்சரிசின்னு சொல்லுங்கண்ணே. எல்லாரும் ஒரே அரிசியா கொண்டாந்தாதான் வேகும்" என்றார்.

மாமா சிரித்தார். "அரிசியில கூடவா ஜாதி பாக்குற? அரிசின்னா அரிசிதான். பொம்பளைங்க வெறகப் பாருங்க, போதும்."

ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள். பெண்கள் சிரிக்கவில்லை. அங்கே நின்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் மாமா சொன்னது தப்பு என்று தெரியும். புழுங்கலையும் பச்சரிசியையும் ஒன்றாகப் போட்டால் ஒன்று குழையும், ஒன்று வேகாது. சோறாக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே எந்தப் பிள்ளைக்கும் தெரிந்துவிடுகிற விஷயம். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. யோசனை அம்மாவுடையது என்று எல்லாருக்கும் தெரியும். பானை கெட்டால் யாருடைய பெயர் கெடும் என்பதும் தெரியும்.

அது மழைக்காலம் வேறு. மரம் நனைந்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை. ஜனங்கள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார்கள். காயாத துணி வாடையும் புகையும், ரப்பர் பாலை உறைய வைக்கிற ஸ்டோரிலிருந்து வருகிற ஆசிட்டு நாற்றமும் மூக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். அந்த எரிச்சலோடுதான் ஒவ்வொரு வீட்டிலும் அரிசியை அளந்தார்கள். கீழ் லயத்தாள் வாயில் போகப்போவதற்கு நல்ல அரிசி எதற்கு என்று மேல் லயம் நினைத்தது. மேல் லயத்தாள் தின்பதற்கு நாம் ஏன் நல்ல அரிசி கொடுக்க வேண்டும் என்று கீழ் லயம் நினைத்தது. அதே பானையிலிருந்து தங்கள் இலைக்கும் சோறு வரும் என்பதை, அத்தனை கெட்டிக்காரர்கள் இருந்த ஊரில் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

பொங்கலன்று விடிந்ததும் சாக்கு நிரம்பியது. புழுங்கல், குருணை, செகிஞ்சானில் அறுத்த புது அரிசி, பூச்சி விழுந்த பழைய அரிசி எல்லாம் அதில் இருந்தன. அம்மா சாக்குக்குள் கையைவிட்டு ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். மழை ஈரத்தில் ஊறிய சணல் வாடையும் வண்டு வாடையும் அடித்தன. அம்மா அந்தப் பிடியைத் திரும்பச் சாக்கிலேயே போட்டார்.

பானை பொங்கத்தான் செய்தது. ரப்பர் விறகு ஈரமாக இருந்ததால் புகை கண்ணைக் கரித்தது. நுரை விளிம்புக்கு வந்ததும் மேல் லயம் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தியது. அவர்கள் கத்தி முடிக்கும்வரை காத்திருந்து, கீழ் லயம் தனியாக ஒருமுறை கத்தியது. துரை வந்தார். ஒரு வாய் தின்றார். "சிடாப்", ருசி என்று மலாயில் சொல்லிவிட்டு, மீதியைக் கையில் வைத்துக்கொண்டே ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

பிறகு எங்களுக்குப் பரிமாறினார்கள். வெல்லம் போட்ட கூழுக்குள்ளே கல்லை அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. பிள்ளைகள் துப்பினோம். அத்தை இலையிலிருந்து வேகாத ஒரு அரிசியை இரண்டு விரலில் எடுத்துத் தூக்கிப் பிடித்தார்.

"இந்தப் புழுங்கல் எவ வீட்டு அரிசி?"

இந்த முறை கடைக்காரச் சீனர் நடுவில் இல்லை. ஆயாம்மா நேராகவே பதில் சொன்னார். "ஒன் வீட்டு மூட்டையப் போயி கேளு. கோழிக்குப் போடற குருணையக் கொண்டாந்து கொட்டினது யாருன்னு எங்களுக்குத் தெரியாதா?"

"நீ போட்டது பூச்சி அரிசி."

"ஒன் நாக்குல இருக்கிற பூச்சிய விடவா?"

இலைகள் பறந்தன. யாரோ அண்டாவை உதைத்தார்கள். மண்ணில் வழிந்த பொங்கலை நாய்கள்கூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போயின. மாமாவின் முகம் கறுத்துவிட்டது. தான் அறிவித்ததை மறைக்க அவருக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது.

"வெளியூர்லேருந்து வந்த பொம்பள பேச்சக் கேட்டேன்லா. என்னச் சொல்லணும்" என்றார்.

சண்டை சட்டென்று நின்றது. இரண்டு லயமும் ஒரே நேரத்தில் திரும்பி அம்மாவைப் பார்த்தன. எனக்கு இன்றும் அந்தக் கண்கள் நினைவிருக்கின்றன. அப்படி ஒரு வெறுப்பை நான் அதற்குப் பிறகு நகரத்தில், தெரியாத மனிதர்களிடம்கூடப் பார்த்ததில்லை.

அம்மா கையிலிருந்த கரண்டியைத் துடைத்துக் கீழே வைத்தார்.

"சரி. எல்லாரும் கேட்டுக்குங்க. எம்மவ கல்யாணத்துக்கு ஒங்கள்ல ஒருத்தரும் வர வேணாம். எந்த வாசல்லயும் நான் வெத்தல வைக்க மாட்டேன். சுங்கை பெசார்லேருந்து கூலிக்கு சமையல்காரன கொண்டாந்து ஆக்கிக்கிறேன். மாப்புள வீட்டுக்காரங்க கேட்டா, இந்தத் தோட்டத்துல ஒரு சட்டி சோறு ஆக்கத் தெரிஞ்ச பொம்பள ஒருத்திகூட கெடையாதுன்னு சொல்லிக்கிறேன்."

என்னையும் அக்காவையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அக்கா பாயில் விழுந்து அழுதாள். "என் கல்யாணத்த நீயே கெடுத்துட்டம்மா. ஆளே இல்லாத கொட்டாயப் பாத்துட்டு அவங்க வீட்டுல என்னைய என்னா நெனப்பாங்க?" அம்மா திட்டம் போட்டுப் பேசினாரா, வாய்க்கு வந்ததைப் பேசினாரா என்று நான் பெரியவளான பிறகு ஒருமுறை கேட்டேன். "கோவத்துல என்னாடி திட்டம்" என்றார். இனிப்பு கொடுத்தால் மனிதர்கள் சேர்ந்துவிடுவார்கள் என்று அவர் நம்பியதுதான் தப்பு என்று இப்போது தோன்றுகிறது. அந்த ஜனங்களுக்குச் சர்க்கரை ஆகாது. ரோஷம் ஒன்றுதான் ஆகும்.

அப்பா பஸ் ஏறிப் போய்ச் சமையல்காரரைப் பேசிவிட்டு வந்தார். செய்தி பரவியதும் எங்கள் வீட்டை ஊரே ஒதுக்கியது. பிள்ளைக் கொட்டகையில் ஆயாம்மா கைக்குழந்தையான என் தம்பியைத் தூக்கவே மாட்டார், அழுதாலும் பாயில் கிடக்க விட்டுவிடுவார் என்று அம்மாவே அவனை இடுப்பில் கட்டிக்கொண்டு மரத்துக்குப் போனார். என்னோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்து வரும் பிள்ளை, "ஒன்கூட பேசக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லிருச்சி" என்று சொல்லிவிட்டுச் சடக்கின் அடுத்த ஓரத்துக்குப் போய்விட்டாள். அவளும் இந்தக் குழுவில்தான் இருக்கிறாள். போன வாரம் முதலில் கைகூப்பியதே அவள்தான்.

கல்யாணத்துக்கு முதல் நாள் பிற்பகல், சமையல்காரர் ஒரு வேனில் உதவியாளோடு வந்து இறங்கினார். சட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். சமையல் கொட்டகையில் அம்மாவும் நானும் மட்டும். வெங்காய மூட்டை வாய் பிரிக்காமல் கிடந்தது.

அப்போது மேட்டிலிருந்து அத்தை இறங்கி வந்தார். அருவாமணையைச் சாக்கில் சுற்றி இடுக்கியிருந்தார். பின்னால் மேல் லயத்துப் பெண்கள் வரிசையாக.

"யாருய்யா நீ?" என்றார் சமையல்காரரிடம்.

"சமைக்க வந்தேங்க்கா."

"என் தம்பி மவ கல்யாணத்துக்கு நீ கரண்டி புடிக்கணுமா? நாங்கல்லாம் என்னா செத்தா போயிட்டோம்? எறக்கினத எடுத்து வேன்ல வை."

அம்மா எழுந்து நின்றார். "நான் வெத்தல வைக்கலியே அண்ணி. ஏன் வந்தீங்க?"

"ஒனக்காக ஒண்ணும் வரல. இவன் நாளைக்கு சுங்கை பெசார் பூரா போயி, அந்தத் தோட்டத்துப் பொம்பளைங்களுக்கு சோறாக்கத் தெரியாதுன்னு சொல்லுவான். அதுக்கு வந்தேன்." அத்தை சாக்கை விரித்து உட்கார்ந்து வெங்காய மூட்டையை அறுத்தார்.

மேல் லயம் வந்துவிட்டது என்ற செய்தி கீழ் லயத்தில் தீ மாதிரி பரவியது. கொஞ்ச நேரத்தில் ஆயாம்மா தலைமையில் அவர்களும் வந்தார்கள். "எங்க லயத்துல நடக்கிற கல்யாணத்துக்கு மேட்டுலேருந்து எறங்கி வந்து இவளுங்க பேரு வாங்கிட்டுப் போவாளுங்களா?" என்று வானத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டு, அத்தைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். சமையல்காரருக்குக் காப்பி கொடுத்து, அப்பா கையைப் பிசைந்து மன்னிப்புக் கேட்டு அனுப்பினார்.

அன்று உரித்த வெங்காயம் இரண்டு கல்யாணத்துக்குப் போதும். அவர்கள் ஒரு கூடை நிரப்பினால் இவர்கள் இரண்டாவது கூடையைத் தொடங்குவார்கள். சோறும் கூட்டும் மேல் லயம், சாம்பாரும் பாயசமும் கீழ் லயம் என்று அடுப்பைப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு நல்ல வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. கல்யாணத்தன்று காலை அத்தை கீழ் லயத்து அண்டாவில் கரண்டியை விட்டு நக்கிப் பார்த்தார். "சாம்பார்ல உப்பே இல்ல. ஆக்கினவ மூஞ்சி மாதிரியே இருக்கு" என்றார். "எங்க அண்டாவுல கைய வச்சா விரல நறுக்கிருவேன்" என்றார் ஆயாம்மா. உப்பு போடவில்லை. அத்தை சொல்லி அவர் போடுவதா?

தாலி கட்டி முடிந்து பந்தி போட்டார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா, எதிர்பார்த்த மாதிரியே, கை கழுவப் போகும்போது கொட்டகையை எட்டிப் பார்த்தார். உள்ளே நிற்க இடமில்லாமல் பெண்கள். வந்து இலையில் உட்கார்ந்தார். பந்தலில் அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். குறை கண்டுபிடிக்க வந்தவருக்கு ஒன்றாவது கிடைக்க வேண்டாமா? இரண்டு வாய் தின்றதும் பக்கத்து ஆளிடம் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"சாம்பார்ல உப்பு பத்தல. தோட்டத்துக் கை, வேற எப்படி இருக்கும்?"

சோற்று வாளியோடு அந்த வரிசையில் வந்துகொண்டிருந்த அத்தை நின்றார்.

"எங்க சாம்பார்ல உப்பு சரியாத்தான் இருக்கு. நீங்க கடக்கரைக்காரங்க. உப்புக் காத்து குடிச்சி வளந்த நாக்குக்கு எங்க சமையலு வெளங்காது."

பந்தியின் அடுத்த முனையிலிருந்து, பாயச வாளியை இறக்காமலே ஆயாம்மா சேர்ந்துகொண்டார். "எலை ஓரத்துல உப்பு வச்சிருக்கில்ல. கை இருந்தா எடுத்துப் போட்டுக்கச் சொல்லுங்க."

மேல் லயம், கீழ் லயம், வாளி பிடித்திருந்த அத்தனை பெண்களும் அப்படியே நின்று அந்தப் பெரியம்மாவைப் பார்த்தார்கள். அவர் குனிந்துகொண்டார். இரண்டாம் முறை சாம்பார் வந்தபோது வேண்டாம் என்று சொல்லாமல் இலைமேலிருந்து கையை எடுத்து ஊற்ற விட்டார்.

பந்தி முடிகிற நேரத்தில் அம்மா கொட்டகைக்குப் போனார். நானும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். அத்தை காலி வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா அவர் பக்கத்தில் குனிந்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"உப்பு கம்மிதான் அண்ணி."

"தெரியும்லா. காலையிலேருந்து அதத்தானே நானும் சொல்லிக்கிட்டுக் கெடக்கேன்" என்றார் அத்தை. "வெட்டியா நிக்காத. போயி எலைய எடு."